போடாத கொட்டாய்

பண்ணைக்கார அக்கா எந்தத் துண்டறிக்கையையும் முன்பக்கத்திலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. கோழிமருந்து விற்க வருகிறவர்கள் பளபளப்பான ஒரு தாளை நீட்டுவார்கள். முன்பக்கத்தில் ஒரு சேவல் சூரியனைப் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கும். முட்டைப் பண்ணைக்குச் சேவல் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அக்கா அந்தத் தாளைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு வரிசை போலக் கிடக்கும் எழுத்துக்குப் போய்விடுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை மூக்கருகில் பிடித்துப் படிப்பார். எத்தனை கோழிக்குப் போட்டார்கள், எங்கே போட்டார்கள், செலவு யாருடையது, எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பார். படித்து முடித்துத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே ஒன்று கேட்பார்.

“போடாத கொட்டாய் எங்கீங்க?”

வந்தவருக்குப் பெரும்பாலும் புரியாது. இந்த டானிக்கைப் போட்ட பண்ணையில் முட்டை கூடியது என்கிறீர்கள், சரி. அதே வயதுக் கோழி, அதே தீவனம், அதே வெயில், டானிக் மட்டும் போடாமல் பக்கத்தில் ஒரு கோழிக் கொட்டகை இருந்திருக்க வேண்டுமே, அங்கே என்ன ஆயிற்று? அதைத்தான் கேட்பார். குரலை உயர்த்த மாட்டார். கேட்டுவிட்டு மோர் கொடுத்து அனுப்புவார்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், சோளக்காட்டைத் தாண்டி உள்ளே இருந்தது பண்ணை. பெயர் வேண்டாம். நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு விபத்து. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ரிக் வண்டியில் ஏறியவன் நான். ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஆழ்துளை போட்டபடி சுற்றினேன். வண்டிக்கு அடியிலேயே தூங்கினேன். குழாய்களுக்கு இடையில் இடக்கை விரல் இரண்டு நசுங்கின. விரல் ஆறுவதற்குள் டீசல் திருடினேன் என்று சொல்லி நடுவழியில் இறக்கிவிட்டார்கள். டீசல் குறைந்திருக்கிறதா என்று ஒருவரும் டேங்கைத் திறந்து பார்க்கவில்லை. ஊர் திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தபோது, முட்டை வேன் ஓட்டத் தெரியுமா என்று யாரோ கேட்டு, இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

அக்கா என் கையைப் பார்த்தார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

“வாயி எப்பிடி?”

“கம்மிங்க.”

“அது போதும். தீவன ரூம்ல நீ நில்லு.”

வாய் கம்மியான ஆள் எதற்கு என்று அடுத்த மாதம்தான் தெரிந்தது. புதிய மருந்து எது வந்தாலும் அக்கா வாங்கவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். மாதிரிக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரே நாளில் குஞ்சு விட்ட இரண்டு கொட்டாய்களை எடுத்துக்கொள்வார். எந்தக் கொட்டாய்க்குப் போடுவது என்பதை நாணயம் சுண்டி நான்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக்காரர் காட்டும் கொட்டாய்க்குப் போடக் கூடாது. அவர் நல்ல கொட்டாயாகப் பார்த்துத்தான் காட்டுவார். பிறகு ஒரு கொட்டாய்க்குப் போகும் தீவன மூட்டைக்குச் சிவப்பு நூல், இன்னொன்றுக்குப் பச்சை நூல். எந்த நூலில் மருந்து என்பது எனக்கு மட்டும் தெரியும். முட்டை பொறுக்குகிறவர்களுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்றும் ஒரு நாள் சொன்னார். முன்பெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தேதான் போடுவார்களாம். ஒரு முறை முட்டை பொறுக்குகிற ஆள், மருந்து போட்ட கொட்டாயில் லேசாகக் கீறிய முட்டையை நல்ல முட்டையோடு அடுக்கியிருக்கிறான். போடாத கொட்டாயில் அதே கீறல் முட்டையை உடைசலில் சேர்த்திருக்கிறான். அவனைத் திட்டினீர்களா என்று கேட்டேன்.

“அவன் பொய் சொல்லல சாமி. அவங்கண்ணு அப்பிடிக் காட்டுச்சு. எங்கண்ணும் அப்பிடித்தான் காட்டும்.”

இப்படிப் பல டானிக்குகள் எங்கள் பண்ணையில் வந்து நூல் கட்டிக்கொண்டு, இரண்டு கொட்டாயும் ஒன்றுபோல முட்டையிட, தலை குனிந்து திரும்பிப் போயின. எல்லாமும் அல்ல. முட்டை ஓடு மெலிந்து வந்த ஒரு கோடையில், பொடியாக இருந்த சுண்ணாம்புக் கல்லுக்குப் பதில் கொஞ்சம் பருமனான கல்லைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார், அதை ஒரு பையில் கொண்டுவந்த விற்பனையாளர். நூல் கட்டினோம். அவர் சொன்னது சரியாக இருந்தது. அக்கா அவரைத் தானே போனில் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது மெய் என்று சொன்னார். அன்றைக்கு அக்காவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், கல் வியாபாரம் அவருடையதுதானோ என்று நினைக்கத் தோன்றும்.

முட்டை அறையில் வேலை செய்த ஒரு பெண் அடிக்கடி தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். அக்கா அவளை நாமக்கல்லுக்கு அழைத்துப்போய் இரத்தம் சோதித்தார். இரும்புச் சத்து மிகக் குறைவு என்றார் மருத்துவர். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அக்கா நகர்வார். இதைக் கேள்விப்பட்ட ஒரு விற்பனையாளர், பார்த்தீர்களா, நீங்களும் சத்து மாத்திரையை நம்புகிறீர்கள் என்று சொல்லி, எல்லோரும் தினமும் சாப்பிட வேண்டிய ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அக்கா கோழிக்குத் தண்ணீர் போகும் தொட்டியைக் காட்டினார். கொறஞ்ச தொட்டியில ஊத்துனா கோழி குடிக்கும், நெறஞ்ச தொட்டியில ஊத்துனா வாய்க்கால்லதான் போகும், எந்தத் தொட்டின்னு பாக்காம ஊத்தச் சொல்றீங்களே என்றார்.

பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தோடு அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தப் படிப்பு எங்கேயும் போய்விடவில்லை. மத்தியானம் கோழிகள் அடங்கியிருக்கும் நேரத்தில் செல்போனில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பார். ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படிப்பார். இடையில் சிரித்துக்கொள்வார். என்ன என்றால், ஆயுளைக் கூட்டும் என்று ஊரெல்லாம் விற்கிற சரக்கு, சோதித்துப் பார்த்ததென்னவோ எலிக்கு என்பார். எலிக்கு ஆயுள் கூடினால் நமக்குத்தான் கஷ்டம், தீவன மூட்டையை யார் காப்பது என்பார்.

அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் நம்புகிறவர். நம்பிவிட்டால் பத்துப் பேரிடம் சொல்லாமல் தூங்க மாட்டார். அவருக்குச் சர்க்கரை இருந்தது.

அவரை ஒரு நண்பர் சேலத்துக்கு, அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு அழைத்தார். அக்காவும் போனார். வேன் ஓட்டிக்கொண்டு நானும் போனேன். மேடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் பேசினார். தங்க நிறப் புட்டியில் மாத்திரைக் கூடு, கேப்சூல் என்பார்களே அது. இதைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும், மூட்டு வலி போகும், உடம்பின் ஒவ்வோர் அணுவும் புதிதாகும், நூறு வயது நிச்சயம். வாங்கினால் விற்கவும் செய்யலாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார்.

அக்கா எழுந்தார்.

“உங்க கம்பெனி ஆரம்பிச்சு எத்தன வருசம் ஆச்சுங்க?”

ஆறு வருடம் என்றார் அவர் பெருமையாக.

“அப்ப நூறு வயசு வரைக்கும் இதத் தின்னவங்க இன்னும் யாரும் இல்லீங்களே.”

மண்டபமே சிரித்தது. அண்ணனின் முகம் கறுத்துப்போனது. அவரை அழைத்துவந்த நண்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் நேராக மேசைக்குப் போய், பெயரைப் பதிந்து, ஒரு பெட்டி நிறையப் புட்டி வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ரொம்ப நாள் கழித்து அக்கா என்னிடம் சொன்னார்: “கேட்ட கேள்வி தப்பில்ல. கேட்ட எடம் தப்பு.” அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் அண்ணன் வாங்கியிருக்க மாட்டார் என்றே நானும் நினைக்கிறேன்.

அண்ணன் தினமும் மாத்திரைக் கூட்டை விழுங்கினார். உறவுக்காரர்களுக்கு விற்றார். எடப்பாடியில் தறி வைத்திருந்த தமக்கைக்கும் கொடுத்தார். இதையெல்லாம் அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் டவுனில் மருந்துக்கடைக்காரர், அண்ணன் ஊரில் இல்லையா, சர்க்கரை மாத்திரை வாங்க ஆளே வரவில்லையே என்று விசாரித்தார். அக்கா அங்கேயே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அண்ணன் தானாகவே ஒத்துக்கொண்டார். இரண்டும் ஒன்றாகச் சாப்பிட்டால் இது வேலை செய்யாதாம், இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் உடம்பு சுத்தமாகுமாம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பண்ணை விஷயம் பேசுவதுபோலக் கேட்டார்.

“நாம டானிக்கு போட்டுப் பாக்கறப்ப, அந்தக் கொட்டாய்க்குத் தீவனத்த நிறுத்திப் போடுவமுங்களா மாமா?”

“அதெப்பிடி? கோழி செத்துப்போகுமே.”

“தீவனம் ரெண்டு கொட்டாய்க்கும் ஒண்ணுதானுங்க. டானிக்கு மட்டுந்தான வேற. டாக்டரு குடுத்த மாத்தர தீவனம். இது டானிக்கு. மாத்தரையப் போடுங்க. அதுக்கு மேல இதையும் போடுங்க. நான் வேண்டாங்கல. நூலு கட்டிப் பாத்தரலாம்.”

அண்ணன் கோழி வளர்த்து வளர்ந்தவர். அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது. அதோடு, ஜெயிக்கலாம் என்ற ஆசையும் வந்துவிட்டது. சர்க்கரை மருத்துவரிடம் போய், இப்படிச் செய்யலாமா என்று இருவருமே கேட்டார்கள். மாத்திரையை விடாமல் போட்டால் சரி, இடையில் ஏதாவது செய்தால் உடனே வாருங்கள் என்றாராம்.

காலியான மாத்திரைக் கூடுகளை அக்கா சேலத்தில் வாங்கிவந்தார். கம்பெனிச் சரக்கைப் பிரித்து அதில் அடைக்க வேண்டும். அதேபோன்ற கூட்டில் அரிசி மாவையும் அடைக்க வேண்டும். இரண்டு புட்டி. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், ஒன்றில் பச்சை. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதற்காக மூன்று மாதம் ஒரு நூல், அடுத்த மூன்று மாதம் மறு நூல். எது எதில் என்பது நாணயம் சுண்டிய எனக்கு மட்டும். நசுங்கிய விரலோடு கூடு அடைப்பது லேசான வேலை இல்லை. அதைவிட, இன்னும் ஆறு மாதம் அங்கேயே நிற்பது எனக்குக் கஷ்டம். ரிக் வண்டிக்காரர்கள் கூப்பிட்டார்கள். நூல் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னைச் சும்மா விடவில்லை. டீக்கடைக்கு அழைத்துப்போவார். வடை வாங்கித் தருவார். “ஏப்பா, வாயத் தொறக்க வேண்டாம். செவப்பா இருந்தா ஒரு கண்ணச் சிமிட்டு. அவ்வளவுதான்” என்பார். நான் வடையை மட்டும் தின்றுவிட்டு வருவேன்.

சிவப்பு நூல் ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணனின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. வரப்பில் வேகமாக நடந்தார். ஒரு நாள் சாயங்காலம் அக்கா தீவன அறைக்கு வந்தார். நான் அரவை மிஷினை நிறுத்தினேன். சோளத் தூசி அடங்கும்வரை நின்றார். கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடிந்திருக்காது.

கேட்கவில்லை. வேறொன்று சொன்னார்.

“எங்கப்பனுக்கும் இதேதான் நோவு. ஆரோ ஒருத்தரு வேருப்பொடி குடுத்தாரு. மாத்தரைய நிறுத்திட்டு அதக் கரைச்சுக் குடுத்தது நான்தான். அப்பா, மொகம் தெளிஞ்சிருக்குதுன்னு நானே சொன்னேன். தெளிஞ்சுதான் இருந்துச்சு சாமி. எங்கண்ணுக்கு.”

வாசல்வரை போய்த் திரும்பினார்.

“நான் வந்து கேட்டாலும் நீ சொல்லாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் முடிந்தது. இரண்டு சோதனைத் தாளையும் அக்கா சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் அண்ணனைச் சொல்லச் சொன்னார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

“செவப்புதான் நெசம். பச்ச டுபாக்கூரு.”

அக்கா என்னைப் பார்த்தார். அண்ணன் சொன்னது சரி என்றேன். அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, ஏப்பத்தில் என்றார். நூல் மாறிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டதாம். கம்பெனிச் சரக்கு தொண்டைக்கு ஒரு கசப்பு ஏப்பம் கொண்டுவருமாம். அரிசி மாவுக்கு அது இல்லை. நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. அக்காவும் நினைக்கவில்லை. அக்கா சிரித்துவிட்டார். “தோத்துட்டம்டா சாமி” என்றார்.

பிறகு தாள்களை அண்ணன் பக்கம் தள்ளினார். மாத்திரையை நிறுத்தியிருந்த காலத்தைவிட இரண்டிலுமே சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு தாளுக்கும் நடுவில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. அண்ணன் அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“உங்க நாக்குக்குத் தெரிஞ்சுதுங்க மாமா. ரத்தத்துக்குத் தெரியல.”

அக்கா தொடர்ந்தார். இது பெரிய ஆராய்ச்சி இல்லை, ஒற்றைக் கோழி ஒரு கொட்டாய் ஆகாது, இது உங்களுக்கு மட்டும்தான் சொல்லும், ஊருக்குச் சொல்லாது என்றார்.

“ஊருக்கெல்லாம் நான் சொல்லிப்போட்டனே அம்மணி” என்றார் அண்ணன்.

எழுந்து உள்ளே போனார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். வண்டியை எடு, எடப்பாடி போக வேண்டும் என்றார்.

முட்டை வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்து போனோம். தமக்கை வீட்டில் தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னதற்கு, அவருதான் பேசோணும் என்றார். தமக்கையம்மாள் தம்பியைப் பார்த்ததும் புட்டி தீர்ந்துவிட்டது, கொண்டுவந்தாயா என்று கேட்டார். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். பிரஷர் மாத்திரை போடுகிறாயா என்று அண்ணன் கேட்டது தறிச் சத்தத்தில் அவருக்கு விழவில்லை. அண்ணன் கத்தினார். என்ன, என்ன என்று அவர் காதைக் காட்டினார். தறி ஓட்டுகிறவர் என்னவோ ஏதோ என்று விசையை நிறுத்திவிட்டார்.

“நாஞ்சொன்னது தப்புக்கா.”

சத்தம் நின்ற இடத்தில் அது தெரு வரைக்கும் கேட்டது. அண்ணன் அலமாரியைத் திறந்து, பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தார். தேதியைப் பார்த்தார். நாளைக் காலையில் டாக்டரிடம் போக வேண்டும், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார். போன வாரம் நல்லது என்றாய், இந்த வாரம் தப்பு என்கிறாய், உன் பேச்சை எப்படி நம்புவது என்று தமக்கையம்மாள் சத்தம் போட்டார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அண்ணன் நின்றார். இன்னும் போக வேண்டிய வீடுகள் இருந்தன. பொழுது சாயும்வரை போனோம். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் அண்ணன் கதவில் சாய்ந்து தூங்கிப்போனார். அக்கா நடுவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அந்தக் கூடு வேல செய்யோணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல. “பத்து வருசம் சேத்தி இவரு இருப்பாருன்னா எனக்குக் கசக்குமா? அதுக்குத்தான் என்ற கண்ண நான் நம்பல.”

கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“எனக்காவ நீ எதையும் மாத்தி வெக்கலையே சாமி? ரெண்டு புட்டியிலயும் மாவையே அடச்சிருந்தாலும் இப்பிடித்தான வந்திருக்கும். ஏப்பங்கூட நெனப்புல வந்திருக்கலாம்.”

இல்லை என்றேன். அக்கா ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைத்தது உண்மை, மாற்றவில்லை என்றும் சொன்னேன்.

வீடு வந்ததும், கால் கழுவுவதற்கு முன்பே, மிச்சம் இருந்த இரண்டு புட்டிகளையும் எடுத்துவரச் சொன்னார். மேசை விளக்கின் கீழ் வைத்து, சிவப்பு நூல் புட்டியில் ஒரு கூட்டைப் பிரித்து நுனி நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. பச்சையில் ஒன்றைப் பிரித்து வைத்தார். பிறகு புட்டிகளின் அடியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் பிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனையோ ஊரில் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மாவு ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “செரி சாமி, போயிச் சோறுண்ணு” என்றார்.